சைக்கிள் இறங்கிவிட்டது, தம்பி இறங்கவில்லை

அனுப்புநர்
ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் அக்கா,
மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூட ஊழியர்,
தற்சமயம் தங்கள் அலுவலக வராந்தா.

பெறுநர்
மலைப் பாதை அலுவலர் அவர்கள்,
அடிவாரச் சோதனைச் சாவடி.

பொருள்: மலையேறிய என் தம்பி இன்னும் இறங்காதது – உடனே ஆள் அனுப்பித் தேடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை நின்றுகொண்டே எழுதுகிறேன். தங்கள் எழுத்தர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். என்னால் உட்கார முடியவில்லை. கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நேற்று ஞாயிற்றுக்கிழமை என் தம்பி தன் சைக்கிள் குழுவுடன் அடிவாரம் வந்தான். சைக்கிள்களைத் தங்கள் ஸ்டாண்டில் விட்டு, சின்ன முடி, நடு முடி, பெரிய முடி என்ற மூன்று சிகரங்களையும் நடந்தே ஏறி, மாலையில் வீடு திரும்புவது திட்டம். குழுவில் அவனுக்கு 'ஆமை' என்று பெயர். வழியில் பாறையைப் பார்ப்பான், பூச்சியைப் பார்ப்பான், போட்டோ எடுப்பான். எங்கள் வீட்டுக்கு வேண்டிய அவசரம் முழுவதையும் நான் ஒருத்தியே பட்டுக்கொள்கிறேன்.

2. பிற்பகலில் எனக்குப் போன் செய்தான். "அக்கா, முழங்கால் மக்கர் பண்ணுது. நடு முடி தாண்டி தகரக் கொட்டகைல உக்காந்திருக்கேன். மெதுவா இறங்கிடுவேன், அம்மாகிட்ட ஊதிப் பெருசாக்காதே" என்றான். அதன்பிறகு அவன் போன் கிடைக்கவில்லை.

3. சென்ற முறை இதே ஆமை மலையின் மறுபக்கம் இறங்கி, யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டான். குழுவினர் இருட்டும்வரை அடிவாரத்தில் அவன் பெயரைக் கத்தித் தொண்டை வறண்டு போனார்கள். அந்தக் கோபம் அவர்களுக்கு ஆறவில்லை. நேற்றும் அவனைக் காணாததால், குழுத் தலைவரான உடற்பயிற்சி ஆசிரியர், "பஸ்ஸப் பிடிச்சிருப்பான்" என்று முடிவு கட்டிவிட்டார். குழுவின் சைக்கிள்கள் எல்லாம் ஒரே சங்கிலியில் பூட்டப்படும், சாவி அவரிடம். நல்ல மனதோடு தம்பியின் சைக்கிளையும் சாப்பாடு கொண்டுவந்த வேனில் ஏற்றி, யாரையும் கூப்பிடாமல் எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்.

நான் சைக்கிளைப் பார்த்தேன். கால் வலியால் வேனில் வந்து மாடி அறையில் படுத்துவிட்டான் என்று நினைத்து, எழுப்பாமல் சாப்பாட்டை மூடி வைத்தேன். காலையில் தட்டு மூடியபடியே இருந்தது. மாடிக்கு ஓடினேன். படுக்கை விரித்தபடி கிடந்தது, ஆள் இல்லை.

4. தங்கள் காவலர் மாலையில் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவாராம். "ஸ்டாண்டு காலின்னா மலை காலிம்மா. இத்தன வருஷமா இதான் கணக்கு" என்றார். கெட்டவர் அல்ல, எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவர் கணக்கில் என் தம்பி இறங்கிவிட்டான். காலி மலைக்குத் தேடும் ஆட்களை அனுப்ப வழியில்லை, போலீசுக்குப் போங்கள் என்கிறார் எழுத்தர். மலை எங்களுடையதில்லை என்கிறது போலீஸ். இருவரும் என்னைப் பந்தாடிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று திங்கள், மலைக்கு விடுமுறை என்று கேட்டையும் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

5. உடற்பயிற்சி ஆசிரியர் என் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார். குழு முழுவதும் ஏறத் தயாராக வந்திருக்கிறது. அவரைத் திட்ட இப்போது எனக்கு நேரமில்லை. தம்பி வந்தபின் ஆற அமரத் திட்டிக்கொள்கிறேன்.

ஆகவே, கேட்டைத் திறந்து, தகரக் கொட்டகைக்கும் அதைத் தாண்டிய பாதைக்கும் ஸ்ட்ரெச்சருடன் ஆட்களை அனுப்பும்படியும், குழுவினரையும் உடன் செல்ல அனுமதிக்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். அவன் மெல்லிய பனியன்தான் போட்டுக்கொண்டு போனான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இதை மனுவில் எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

மேலும் ஒரு தகவல். இன்று காலை நான் தம்பியின் சைக்கிளை மிதித்துக்கொண்டுதான் இங்கு வந்தேன். அதைத் தங்கள் ஸ்டாண்டில் நிறுத்தி, வீட்டுப் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டேன். மலையில் ஆள் இருப்பதற்குத் தங்கள் முறைப்படி சான்று வேண்டுமானால், காவலரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சாவி என்னிடம் இருக்கிறது. அதை என் தம்பி கையில்தான் கொடுப்பேன்.

இடம்: சோதனைச் சாவடி வராந்தா
நாள்: திங்கட்கிழமை, முற்பகல்

தங்கள் உத்தரவுக்காக நின்றுகொண்டிருக்கும்,
(ஒப்பம்)
அக்கா