மூன்று நாள் சத்தமில்லை

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

குத்துச்சண்டைக்குக் கால் பழக, அறையில் சாக்பீஸ் கோடு போட்டுத் தினமும் குதிப்பேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டித் திட்டுவார். நேற்று அவரே வாட்ச்மேனோடு என் கதவை உடைக்க வந்து நிற்கிறார்! நான் திறந்ததும் அவர் சொன்னார்:

"மூணு நாளா மேல சத்தமே இல்லப்பா. செத்துகித்துப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்!"

மூன்று நாளும் குதித்தேன் அம்மா. கால் அவ்வளவு லேசாகியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் என் சத்தம் கேட்காவிட்டால் அவர் பயந்துவிடுகிறாரே.

அவருடைய போன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் எடுக்காவிட்டால் அவரிடம் கேளுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் பழகி முடித்ததும் தரையை இரண்டு தடவை ஓங்கி மிதிக்கப் போகிறேன்.