தெளிக்காத மூட்டை

தை மாதம், செவ்வாய் இரவு.

பூஞ்சை வராமலிருக்க வேர்க்கடலையில் பாதி மூட்டைகளுக்குக் கிராம்பு எண்ணெய் தெளித்து வைத்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க மீதியை அப்படியே விட்டேன். இன்று பிரித்தோம். தெளித்தது சுத்தமாக இருந்தது. தெளிக்காததில் பச்சைப் பூஞ்சை.

நல்லதை வியாபாரிக்கு ஏற்றிவிட்டு, களையெடுக்க வரும் முனியம்மாவுக்குக் கெட்டதைக் கூலியாக அளந்து போட்டார் என் கணவர்.

"அது விஷங்க. ஈரலை அரிச்சிடும். கொளுத்திடலாம்," என்றேன்.

"அதுங்க கழுவி வறுத்துத் தின்னுக்கும். உனக்கு இன்னாத்துக்கு?" என்று சிரித்தார்.

ஓரிக்கை ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"நாத்தத்துலயே தெரிஞ்சிது மா. வேணாம்னா நாளைக்கு வேலைக்கு வராதன்னுவாரு," என்றாள் முனியம்மா.

அதற்குள் அவளுடைய சின்ன மகள் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள். துப்பச் சொன்னேன். பிடுங்கிக்கொள்வேனோ என்று பயந்து அவசரமாக விழுங்கினாள்.