வடிவின் வலது கை

மார்ச் 19, புதன்

மணிக்கட்டு 18. முழங்கை 29. புயம் 36. புயத்தில் மட்டும் இடது கையைவிட நாலு சென்டிமீட்டர் அதிகம்.

ஆஸ்பத்திரியில் இந்த அளவை மட்டும்தான் எழுதி வைக்கச் சொன்னார்கள். ஆனால் டைரியில் பக்கம் பெரிதாக இருக்கிறது. நானோ போன மாதம் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கும் பஸ் டிரைவர். மீதி இடத்தில் எதையாவது எழுதிவைக்கிறேன், யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

என் மனைவி வடிவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து. நோய் போயிற்று, கை வீங்க ஆரம்பித்தது. மாசி முடிந்து வெயில் ஏற ஏறக் கையும் ஏறுகிறது. இன்று வலது கையில் வளையல் நுழையவில்லை. இடது கை வளையலையும் சேர்த்துக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்

பாளையங்கோட்டைக்குப் போய் வந்தோம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து நான் இருபத்தாறு வருடம் ஓட்டிய அதே ரோடு. பங்குனியில் கிழக்கே போகும்போது இடது பக்கம்தான் நிழல் என்று பார்த்து வடிவை உட்காரவைத்தேன். வெயில் கையில் படக் கூடாதாம். வழியெல்லாம் என் வலது கால் தரையை மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது. வடிவு பார்த்துச் சிரித்தாள்.

பிசியோதெரபி டாக்டர் சித்ரலேகாவுக்கு எங்கள் மகள் பிரியதர்ஷினி வயதுதான் இருக்கும். ஆனால் அதட்டல் டிராபிக் போலீஸ் அதட்டல்.

"பொண்ணு கங்கைகொண்டான்ல வேல பாத்துக்கிட்டு வாரத்துக்கு ஒருநா வந்து நீவிவிட்டா போதாதும்மா. தினமும் செய்யணும். வீட்டுல வேற யாரு இருக்கா?"

வடிவு தரையைப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினேன்.

அதன்பிறகு எனக்குப் பாடம். முதலில் கழுத்து. பிறகு நல்ல பக்கத்து அக்குள். பிறகு மார்பு. கடைசியில்தான் கை, அதுவும் தோளிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும், ஆனால் தள்ளுவது எப்போதும் மேல்நோக்கி. ஏன் நேரடியாகக் கையில் ஆரம்பிக்கக் கூடாது என்று கேட்டேன். "ரோட்டுல முன்னால அடைச்சுக்கிட்டு நின்னா பின்னால உள்ள வண்டி எப்படி நகரும் அய்யா? முன்னாடி வழிய விடணும்லா?" இது எனக்குப் புரியாதா!

என் கையைப் பழக்கிப் பார்க்கத் தலையணையைக் கொடுத்தார்கள். "பைய, அய்யா, பைய. இது ஸ்டீயரிங் இல்ல. கண்ண மூடி இமையைத் தொட்டுப் பாருங்க. அந்த அழுத்தம் போதும்." மொத்தம் ஏழு 'பைய' வாங்கினேன். வடிவு பகலெல்லாம் மாட்டிக்கொள்ளக் கைக்கு இறுக்கமான ஒரு உறையும் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை எழுதிவைக்கிறேன். "வெயில் காலம் முடியதுக்குள்ள வீக்கம் குறையணும். நிணநீர் தேங்கித் தேங்கி உள்ள இறுகிட்டுன்னா அப்புறம் இறங்காது."

மார்ச் 25, செவ்வாய்

காலை ஆறு மணி. வடிவு கதவைத் தாழ்போட்டாள், சேலையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டாள், கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"கழுத்துலேருந்து ஆரம்பிக்கணும்னுல்லா—"

"கை மட்டும்."

"டாக்டரு சொல்லிச்சே."

"கை மட்டும்னா கை மட்டும்."

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் அவள் கையைப் பிடித்தது இன்றுதான். பிடித்ததும் சண்டை.

ஏப்ரல் 2, புதன்

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நிணநீர் என்று சொன்னார்கள் அல்லவா? கையில் தேங்கியிருப்பது நீர். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் முதலில் என்ன செய்வோம்? மோட்டாரை நிறுத்துவோம். இதை ஒரு டாக்டரும் சொல்லவில்லையே!

இன்றிலிருந்து வடிவுக்குத் தண்ணீர் என் கையால்தான். காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒன்று, ராத்திரி அரை. மோர் கிடையாது, இளநீர் கிடையாது, நுங்கு கிடையாது. சொன்னதும் அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

புயம் 35.5. அரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. என்னை யாரும் டாக்டருக்குப் படிக்கவைக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிரியதர்ஷினி ஒரு முழுத் தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குக் கிடையாது என்றேன். "யாருப்பா சொன்னா?" என்று கேட்டாள். எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று அவள் வாயை அடைத்து, பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மதியம் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அடுக்களையில் இருவரும் பேசினார்கள்.

"அப்பாவ மொறைப்படி செய்யவிடும்மா. கைய மட்டும் தடவி என்ன பிரயோசனம்?"

"அங்கன என்ன கெடக்கு, அவரு பாக்கதுக்கு?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். காயம் ஆறும் நாட்களில் எல்லாம் பிரியதர்ஷினிதான் கூட இருந்தாள். தையலைப் பார்த்தவள் அவள், மருந்து போட்டவள் அவள். ஆபரேஷன் அன்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு மறுநாள் காலையில் பாபநாசம் டெப்போவில் போய் நின்றவன் நான். டிரைவர் பற்றாக்குறை என்றார்கள். கெஞ்சிக் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. புயம் 37. ஏறியிருக்கிறது. ஏன்? நான் ஒருநாள்கூடத் தவறவிடவில்லையே. மதியத் தண்ணீரை அரை டம்ளராகக் குறைத்தேன்.

மே 6, செவ்வாய்

காலை பத்தரைக்கு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. அடுத்த வீட்டு சேக் முகம்மது ஆட்டோவை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி ஏற்ற வலது கையைப் பிடித்தது. "அந்தக் கையில வேண்டாம்!" என்று கத்தினேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. "ஊசி, பிரஷர் ஒண்ணும் அந்தக் கையில கூடாது, இடது கையில போடுங்க." அதை ஒன்றுதான் இன்று நான் சரியாகச் செய்தேன்.

டாக்டர் கேட்டார், "இந்த வெயில்ல தண்ணியே குடிக்கலையா இவங்க?"

மே 7, புதன்

சித்ரலேகாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அதட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அய்யா, நிணநீருன்னு பேருலதான் நீர் இருக்கு. குடிக்கிற தண்ணியக் குறைச்சா அது குறையாது. வெயில் காலத்துல அவங்க நல்லாத் தண்ணி குடிக்கணும். ஏப்ரல்ல குறைஞ்சது நீங்க பிடிச்சுவிட்டதாலயும், உறை போட்டதாலயும் இருக்கும்."

நாந்தான். நானே செஞ்சேன். வெயில்ல நாய்க்குக்கூடத் தண்ணி வைக்காங்க. பொண்டாட்டிக்கு டம்ளர் எண்ணிக் கொடுத்திருக்கேன், பெரிய மயிரு டாக்டரு மாதிரி.

சாயங்காலம் வடிவு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கேட்டேன்.

"ஏளா, தாகமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? நான் இல்லாதப்போ குடத்துலேருந்து மோந்து குடிச்சிருக்கப்பிடாதா?"

"முப்பத்தொரு வருசத்துல நான் என்ன தின்னேன், என்ன குடிச்சேன்னு நீங்க ஒருநா பாத்ததில்ல. டூட்டி டூட்டின்னே போயிட்டு. இப்பதான் ஒவ்வொரு டம்ளரா உங்க கையால தாரீக. அத எப்படி வேண்டாம்னு சொல்ல?"

எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து, அவளிடம் பதினாறு மாதமாகச் சொல்லாததைச் சொன்னேன். ஆபரேஷனுக்கு மறுநாள் டிரைவர் இல்லை என்பதற்காக நான் போகவில்லை, பார்க்கப் பயந்துகொண்டு போனேன் என்று. அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. "தெரியும்" என்றாள். "நீங்க இல்லாதது நல்லதுன்னு நானும் இருந்தேன்."

மே 8, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு சொம்பு மோர். ஒரு இளநீர். நான்கு நுங்கு. வடிவு, "வயிறு தாங்காது, விடுங்க" என்றாள்.

மே 10, சனி

இன்று கழுத்தில் ஆரம்பித்தேன். வடிவே சொன்னாள். கழுத்து, அக்குள், மார்பு, பிறகு கை. முறைப்படி இருபத்தைந்து நிமிடம்.

அளவு எடுக்க மறந்துவிட்டேன்.

மே 17, சனி

36.

மே 28, புதன்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிந்தது. 34.5. தோலை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. இறுகவில்லை. இறுகவில்லை என்று இரண்டு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பாளையங்கோட்டை. அளவெல்லாம் பார்த்துவிட்டு சித்ரலேகா என் கையைக் குலுக்கியது. பிறகு வடிவிடம் ஒரு உதவி கேட்டது. பேட்டையிலிருந்து தஸ்மியா என்று ஒரு பெண் வந்திருந்தது, முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம், கை வீங்கத் தொடங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் ரசீத் இதற்காகவே துபாயிலிருந்து வந்திருக்கிறார், ஆனால் அந்தப் பெண் அவரைக் கிட்டவே விடமாட்டேன் என்கிறதாம்.

வடிவு அந்தப் பெண்ணைத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இந்தப் பக்கம் பெஞ்சில் நானும் ரசீத்தும். அவர் தன் கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"இங்க பாரு தாயி, எனக்கும் இப்படித்தான். பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுவாருன்னு நானும் பயந்துக்கிட்டுதான் கெடந்தேன். ஒரு வருசத்துக்கு மேல மூடி மூடி வச்சேன்."

அந்தப் பெண் என்னவோ கேட்டது. எங்களுக்குக் கேட்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல. பாத்தாரு. பைய நீவிவிட்டாரு. பெறகு எந்திரிச்சுப் போயி ரெண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொண்டாந்தாரு. சீனி போட மறந்துட்டாரு, அவ்வளவுதான்."

திரைக்குப் பின்னால் அந்தப் பெண் சிரித்தது. ரசீத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

சீனி போடவில்லையா? வடிவு இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. கழுத்தில் ஆரம்பித்த அன்றைக்கு நானும் அந்தக் காப்பியைத்தான் ஒரு டம்ளர் முழுவதும் குடித்தேன். எனக்கும் தெரியவில்லை.