அக்கா டைப் அடித்த கட்டுரை

லக்ஷ்மிபாய் நகர்,
புது டில்லி,
18-11-1983

அன்புள்ள மகன் பூவராகவனுக்கு அம்மா எழுதுவது. ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் புண்ணியத்தில் நானும் அக்காவும் இங்கே சௌக்கியம், நீயும் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, ரஜாய்ப் போர்வைகளை மொட்டைமாடியில் காயப்போட்டு எடுத்தாயிற்று. காலிஃபிளவர் மலிந்து கிடக்கிறது, வண்டிக்காரன் வாசலில் நின்று மாதாஜி, மாதாஜி என்று கூப்பிட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போகிறான், மூன்று நாளாக அதே குழம்பு, உன் அக்கா இந்திராணி குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள். ஏதோ பெரிய மாநாடாம், ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள், நம் குவார்ட்டர்ஸில் ஒழுகுகிற சுவரைப் பார்க்க மட்டும் ஆள் வரக் காணோம்.

அமெரிக்காவில் நிதித்துறை மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடப்போவதாக நீ எழுதியது சந்தோஷம். அதோடு வைக்க வேண்டும் என்று உன்னைப் பற்றி நீயே எழுதி அக்காவுக்கு டைப் அடிக்க அனுப்பிய இங்கிலீஷ் கட்டுரையும் வந்து சேர்ந்தது. படிப்புக்கு மார்க் போதாதா, சொந்தக் கதை எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. அக்கா அவள் ஆபீசரிடம் அனுமதி கேட்டு, வேலை முடிந்தபின் உட்கார்ந்து, கார்பன் வைத்து மூன்று காப்பி அடித்தாள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு எழுத்துத் தப்பிவிட்டது என்று அந்தப் பக்கத்தை முழுக்க மறுபடி அடித்தாளாம். ஆபீஸ் விட்டதும் கிளம்பும் சார்ட்டர்ட் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தாள், வந்தபோது கை விறைத்திருந்தது.

எனக்கு இங்கிலீஷ் தெரிந்ததெல்லாம் பஸ் போர்டு அளவுதான் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை அப்பாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று ஆசையாக இருந்தது, படித்துத் தமிழில் சொல்லு என்று அக்காவிடம் கேட்டேன். அப்பா சைக்கிளில் ஆபீஸ் போனது, அவருக்கு மாரடைப்பு வந்தது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள், எனக்குக் கண் கலங்கியது. ஓர் இடத்தில் சட்டென்று பக்கத்தைத் திருப்பி, மீதியெல்லாம் அவன் காலேஜ் படிப்பைப் பத்திம்மா என்று எழுந்து போய்விட்டாள். அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. மறுநாள் அவள் ஆபீஸ் போன பிறகு கீழ்வீட்டு ராமமூர்த்தி சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், ரிட்டயரான மனுஷர், பொறுமையாக வரிக்கு வரி சொன்னார். அப்பா போன பிறகு குடும்ப பாரம் முழுவதையும் நான் ஒருவனே சுமந்தேன், பென்ஷன் காகிதத்துக்காக ஆபீஸ் ஆபீஸாகத் தனியாக அலைந்தபோதுதான் நிதித்துறை படிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன் என்று எழுதியிருக்கிறாய். சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுத்து நன்னாருக்கும்மா, ஆனா இதுல உங்க பொண்ணைக் காணோமே என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

பென்ஷனுக்கு அலைந்தது உண்மைதான், அக்காவோடு அலைந்தாய். அவள் ஜன்னல் ஜன்னலாக நிற்பாள், நீ வெளியே மரத்தடியில் அவள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அப்போது நீ சின்னப் பையன், அதில் தப்பில்லை. அப்பாவுக்குப் பதில் வீட்டில் ஒருத்தருக்கு வேலை தருகிறோம் என்று ஆபீஸில் சொன்னபோது உனக்கு வயசு போதாது, எனக்குப் படிப்பு போதாது. எம்.ஏ.வில் இடம் கிடைத்திருந்தவள் அதை விட்டுவிட்டு கோல் மார்க்கெட்டில் டைப் கிளாஸ் சேர்ந்தாள். அந்த வேலையால்தான் இந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகாமல் அவள் பெயருக்கு வந்தது. வாசலில் அப்பா பெயரை எடுத்துவிட்டு அவள் பெயர்ப் பலகையை மாட்டியபோது ஆணி அடித்தது நீதானே. நீ ட்யூஷன் எடுத்ததை நான் இல்லையென்று சொல்லவில்லை, அது உன் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் ஆயிற்று, அந்த மட்டும் எனக்கு நிம்மதி. வீடு நடந்தது அவள் சம்பளத்தில்.

கஷ்டத்தைக் கூட்டி எழுது, அமெரிக்காக்காரனுக்கு அதுதான் பிடிக்கும் என்று அங்கே யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசித்திருந்தால் அதை அவளிடமே டைப் அடிக்க அனுப்பியிருப்பாயா. சாயங்காலம் அவளிடம் கேட்டேவிட்டேன். விடும்மா, அப்ளிகேஷனுக்கு எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, அவனுக்கு சீட் கிடைச்சா சரி, ஜல்தி அனுப்பு, தேதி போயிடும் என்று சொல்லிக்கொண்டே பீன்ஸ் நறுக்கினாள். முகம் மாறவில்லை. அவள் முகம் மாறாதது எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் இந்தத் தடவை என்னால் தாங்க முடியவில்லை.

காப்பிகளை ராமமூர்த்தி சார் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அனுப்பவில்லை, மூன்றும் என் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். நீ போகக் கூடாது என்று நான் நினைக்கவில்லை, போக வேண்டும், நன்றாகப் படிக்க வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரையோடு போக வேண்டாம். விண்ணப்பம் ஜனவரிக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்றாய், நாள் இருக்கிறது. அந்த இடத்தை உள்ளபடி எழுதி, சில திருத்தம் இருக்கிறது, மறுபடி அடித்துக் கொடு என்று மட்டும் அவளுக்கு எழுது. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, மன்னிப்பு அது இது என்று பக்கம் பக்கமாக எழுதி அவளைச் சங்கடப்படுத்தாதே. உண்மையை எழுதியதால் சீட் இல்லையென்றால், அடுத்த வருஷம் வேறு இடத்துக்குப் போடலாம், அக்கா அதையும் அடித்துக் கொடுப்பாள்.

வெறுமனே அக்கா என்று எழுதி நிறுத்திவிடாதே, இந்திராணி என்று பெயரைப் போடு. அவள் கையாலேயே அதை அடிக்கட்டும். அடித்துக்கொண்டு வரும் அன்றைக்கும் படித்துச் சொல்லு என்று கேட்பேன், அந்த இடம் வரும்போது பக்கத்தைத் திருப்புகிறாளா பார்க்கிறேன்.

எண்ணெய் தேய்த்துக் குளி, இருமலுக்கு டாக்டரைப் பார். நீ எடுத்த காரியம் கைகூடி, நல்ல பெயரோடு நீண்ட ஆயுசாக இரு.

ஆசிகளுடன்
உன் அம்மா
விசாலாக்ஷி