கொன்றைக்கு ஊன்றிய கம்பு

ஜூன் 8, ஞாயிறு

வெயில். மலைக்கோட்டையே வியர்த்து வழிந்தது. மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் வாசலில் குழி வெட்டினேன். முழங்கால் ஆழம். இன்னும் ஒரு சாண் தோண்டியிருந்தால் அமெரிக்காக்காரன் தலை தெரிந்திருக்கும். குழாய்த் தண்ணீர் வருகிற லட்சணத்துக்கு ஒரு மரம்தான் கட்டுபடியாகும்.

நான்: சரக்கொன்றை. மனைவி ரோசி: முருங்கை.

"பூவைப் பாத்தா பசியாறுமா? முருங்கைன்னா கீரை, காயி, அம்புட்டும் வெஞ்சனத்துக்கு ஆகும்."

"அடியே, கொன்றை பூத்தா கொடைக்கானல் போற பஸ்ஸெல்லாம் நம்ம வாசல்ல நிக்கும்டி!"

பந்தயம். கொன்றை பிழைத்தால், 'நீங்கதான் ராசா' என்று தெருவே கேட்க அவள் சொல்ல வேண்டும். பட்டுப்போனால், அந்த இடத்தில் முருங்கை வரும். ஆயுளுக்கும் கீரை ஆய்வது நான். அதுவும் வாசலில் உட்கார்ந்து. கையடித்தேன். நம் வம்சத்தில் தோற்றவன் கிடையாது.

ஜூன் 9, திங்கள்

காந்திகிராமம் பக்கம் நர்சரியில் கன்று. பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன், பட்டத்து இளவரசன் மாதிரி. நட்டாயிற்று. முட்டுக் கொடுக்கக் கம்பு கேட்டேன். ரோசியே கொண்டுவந்து ஊன்றினாள். உச்சியில் சாண உருண்டை. கம்பைச் சுற்றிப் பழைய சுங்குடிச் சேலைத் துணி.

எதுக்குடி?

"ஆடு அண்டாதுங்க."

என்ன அறிவு! என்னோடு குடித்தனம் பண்ணியதில் வந்தது. தினம் ஒரு குடம், என் கையால்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்று. சிறுமலையையே நகர்த்தப் பார்க்கிறது. கொன்றை அடியோடு முறிந்தது. கம்பு மட்டும் சேனாதிபதியாக நின்றது. சேலைத் துணி பறந்தது. உள்ளே கணுவுக்குக் கணு பச்சைத் துளிர். கம்பல்ல, வெட்டி நட்டாலே துளிர்க்கிற முருங்கைப் போத்து! சாணம், வெட்டுவாய் காயாமல் இருக்க. இத்தனை நாள் எதிரிக்கல்லவா தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்!

கத்தினேன். ரோசி வாசலுக்கு வந்தாள். தெருவே கேட்க:

"வளத்த கை யாருது? நீங்கதான் ராசா!"

அன்றைய குடத்தையும் ஊற்றினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேகமூட்டம். மரம் ஜன்னலைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியிருக்கும். வாசலில் முறத்தோடு நான். எதிர்வீட்டு சூசை சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன மச்சான், தோத்துட்டீகளாம்ல?"

"போடா. ராசா தன் மரத்துக் கீரையைத் தானே ஆயுறாரு. நீ வேணும்னா ஒரு கை எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டான். இந்தத் தெருவில் வேறு எவன் மரம் ஊருக்குக் கீரை கொடுக்கிறது?

உள்ளேயிருந்து ரோசி: "காம்பு கெடந்தா மறுபடி ஆயணும்!"

முறம் பாதிகூட ஆகவில்லை. உலை கொதிக்கிற சத்தம்.