அட்டைகளை வாசித்த தாய்மார்

கிளென் ஈடன் மண்டபத்தில் நாடக உடுப்புப் பையைத் திறந்ததும் மீசை ஒட்டும் பசையின் மணம் முகத்தில் அடித்தது. வேலை முடிந்து நேராக வந்திருந்தேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். தோழி, நீ கண்ணை மூடிய பிறகு, உன் நாடகத்தை மறுபடி மேடையேற்றப் பார்க்கிறோம்.

பேசாப் பட காலத்தில் ஹாலிவுட்டுக்குக் கதை எழுதிக் குவித்த ஒரு பெண்ணை நீ நூலகத்தில் கண்டெடுத்தாய். படங்கள் பேசத் தொடங்கியதும் வசனத்துக்கு ஆண்களை வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்கள். மேடை நாடகத்துக்குத் திரும்பினாள். பார்க்க ஆள் வரவில்லை. பாபகூரா ரயிலில் இதை எனக்குச் சொன்னபோது கோபத்தில் உனக்கு மூச்சு வாங்கியது.

அவள் கதையைப் பேச்சில்லாமல் எழுதினாய். “இங்க பிறந்த பிள்ளையளுக்குத் தமிழ் விளங்காது. பேசாப் படம் மாதிரி வசனத்தை அட்டையில எழுதிக் காட்டுவம்” என்றாய். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கவும் வராது என்பது நம் இருவருக்கும் உறைக்கவில்லை. ஆண்கள் ஒருவரும் ஒத்திகைக்கு வராததால் அவளை அனுப்பிவிடும் ஸ்டூடியோ முதலாளி வேடம் எனக்குத்தான். “எடியே, மீசை ஒட்டினவுடன அதட்டல் வருதோ? வாயை மூடு, இது பேசாப் படம்” என்று என்னை அடக்கினாய்.

மேடையேறிய அன்று முதல் அட்டையைத் தூக்கினோம். “அம்மா, வாட் டஸ் இட் சே?” என்று முன்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள். தாய்மார் சத்தமாக வாசித்தார்கள். அடுத்த அட்டைக்கு மண்டபமே வாசித்தது. முதலாளிக்கு ஒரு குரல், அவளுக்கு ஒரு குரல். “கேளடி, சனம் நடிக்குது” என்று என் கையை நெரித்தாய்.

இன்று தமிழ்ச் சங்கத் தலைவர் வந்தார். “பிள்ளை, அட்டை வேண்டாம். என்ர மகன் இங்கிலீசில குரல் பதிஞ்சு தருவான். சனிக்கிழமை விழாவில டான்சே நிறைய இருக்கு, இப்பிடியெண்டாத்தான் நேரம் தரலாம்.”

சரி என்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம்.

“அங்கிள், அந்தப் பொம்பிளையின்ர இடத்திலயும் வேற ஆக்கள்தான் வசனம் எழுதினவை.”

“ஆர் பிள்ளை அது?”

“நாடகமே அவவைப் பற்றித்தான்.”

அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ. சனம் நிண்டா.”

சனம் நிற்காது. சாப்பிட்ட கையோடு கார் எடுக்கும். உன்னைப் போல வாதாட எனக்கு வராது, இருந்திருந்தால் நீ சாப்பாட்டுக்கு முன்னுக்கே நேரம் வாங்கியிருப்பாய். என்னால் அட்டைகளை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

வெறும் கதிரைகளுக்கு முன்னாலும் ஒரு காட்சியைக் குறைக்காமல் நடிக்கிற பிடிவாதத்தை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய். களைத்த உடம்புக்கு அது பாரம்தான். ஆனாலும் சனிக்கிழமை வருவேன்.