கலாவுக்குக் காட்டிய நான்கு தழும்புகள்

என் அருமை அத்தைக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த கர்ப்பப்பை ஆபரேஷன் ஒருவழியாக முடிந்துவிட்டது. பயப்படாதீர்கள், நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்களுக்குச் செய்ததுபோல் வயிற்றைக் கிழிக்கவில்லை. நான்கு சின்ன ஓட்டை போட்டு, உள்ளே கேமரா விட்டு, டிவியில் பார்த்தபடியே எடுத்துவிட்டார்கள். மறுநாளே நடந்தேன். அதைவிட ஆச்சரியம், டாக்டரம்மா என்னையே உட்காரவைத்துப் படம் வரைந்து விளக்கினார். உங்கள் காலத்தில் மாமாவிடம் மட்டும்தானே பேசினார்கள்? எதை எடுத்தார்கள் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

உங்கள் மகன் சங்கதியைக் கேளுங்கள். நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, "காயமே காணோமே, சாம்பார் வெச்சுடறியா?" என்றார். நலம் விசாரிக்கப் போன் செய்த நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா உங்கள் மகனைப் போனுக்குக் கூப்பிட்டு, "வெளியதாங்க சின்னது, உள்ள பெரிய ஆபரேஷன். ஒரு குடம் தூக்கச் சொன்னீங்கன்னா நேர்ல வந்துடுவேன்" என்றார். அன்றிலிருந்து சமையல் உங்கள் மகன்தான். உப்பு ஜாஸ்தி. சாப்பிட்டுக்கொள்கிறேன்.

சொல்ல வந்தது கலாவைப் பற்றி. கிரிவலத்துக்குக் கூப்பிட்டால் உங்கள் மகள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 'வீட்டுக்குத் தூரம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். தேய்பிறைப் பிரதோஷத்துக்குக் கோயிலுக்கு அழைத்தாலும் அதே பதில். என்னைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தபோது கேட்டுவிட்டேன்.

"பௌர்ணமிக்கும் தூரம், பிரதோஷத்துக்கும் தூரம்னா அது என்ன தூரம்டி?"

அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. "நிக்கவே மாட்டேங்குது அண்ணி. டாக்டர்கிட்ட போனா கிழிச்சிடுவாங்க. அம்மாவுக்குத் தையல் பிரிஞ்சு சீழ் வெச்சப்ப நான்தான தொடச்சி விட்டேன்."

அந்தச் சின்ன வயதில் அவள் அதைப் பார்த்திருக்கக் கூடாது, அத்தை.

கதவைச் சாத்திவிட்டு என் வயிற்றைக் காட்டினேன். ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுப் பார்த்தாள். "அவ்ளோதானா?" என்றாள். பிறகு, "எங்கம்மாவுக்கு இது கெடைக்கலையே அண்ணி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். தையல் வலித்தது, பரவாயில்லை.

உடனே ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். கட்டிதான், ஆனால் பயப்படும்படி இல்லையாம். அதை மட்டும் எடுத்தால் போதும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை என்கிறார் டாக்டரம்மா. ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்றியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கலாவே கையெழுத்துப் போட்டாள். நாளைக் காலையில் ஆபரேஷன்.

எனக்கு ஆபரேஷன் ஆனால் வயிற்றில் கட்டவேண்டும் என்று உங்கள் பழைய நூல் புடவை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தீர்களே, நினைவிருக்கிறதா? கட்டெல்லாம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதைக் கலாவின் பையில் வைத்திருக்கிறேன். நாளை அவள் கண் விழிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். கண் விழித்ததும் அம்மாவைத்தான் தேடுவாள். அப்போது அந்தப் புடவையை அவள் கையில் கொடுப்பேன்.

உங்கள் மருமகள்,
கலாவின் அண்ணி,
சுமதி